காலில்லாமல் ஓடும் சொல்: ஆங்கிலத்தின் ‘ரன்’

‘ரன்’ என்றால் ஓடு. ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும் பொருள் இது. பிறகு ஓர் ஆங்கில நாளிதழை விரித்து, அந்தச் சொல் வரும் இடங்களையெல்லாம் கோடிட்டுக்கொண்டே போனால் தலை சுற்றும். ஒருவர் நிறுவனம் நடத்துகிறார், அங்கே ‘ரன்’. இன்னொருவர் தேர்தலில் போட்டியிடுகிறார், அங்கும் ‘ரன்’. சாலை ஒன்று மலையடிவாரத்தை ஒட்டிப் போகிறது, குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது, ஒப்பந்தம் மூன்றாண்டுக்குச் செல்லும், அச்சிடக் காகிதம் தீர்ந்துவிட்டது, பழைய நண்பரைத் தற்செயலாகப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அதே குட்டி வினைச்சொல்தான். இவற்றில் எதிலும் யாரும் ஓடவில்லை.

இந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள் என்று எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் வந்தபோது, அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைக்கு உரியது. ‘செட் அப்’ போன்ற பின்னொட்டுத் தொடர்களைச் சேர்க்காமலே 430 பொருள்கள். விளக்கம் மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்கள். மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணி எம் என்ற எழுத்திலிருந்து தொடங்கியது. 2000-இல் ‘மேக்’ அந்தச் சாதனையைத் தாண்டியது, 2007-இல் ‘புட்’ தாண்டியது. 2011-இல் ‘ரன்’ வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டியது: வினையாக மட்டும் 645 பொருள்கள். அகராதியாசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் இந்த ஒரு சொல்லோடு சுமார் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார்.

645 என்ற எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். அது வரலாற்று அகராதி. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்த பொருள்களும் அதில் உண்டு; மாலுமிகளும் சுரங்கத் தொழிலாளர்களும் மட்டுமே பயன்படுத்திய பொருள்களும் உண்டு. நாளிதழ் படிக்கவும் மின்னஞ்சல் எழுதவும் இருபது முப்பது பொருள் தெரிந்தால் தாராளம். அந்த முப்பதையும்கூடத் தனித்தனியாக உருப்போட வேண்டியதில்லை என்பதுதான் இங்கே சொல்ல வந்தது. பாதிக்கு மேல் நமக்கு ஏற்கெனவே தெரியும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரே வடிவம் பல பொருள் தருவது இரண்டு வகையில் நடக்கலாம். ஒன்று, தற்செயல். கூரையின் மேலிருக்கும் ஓடும், ஆமையின் முதுகிலிருக்கும் ஓடும் ஒன்றுக்கொன்று உறவு. ஆனால் அந்தப் பெயர்ச்சொல்லுக்கும் ‘ஓடிப்போ’ என்பதில் உள்ள ஓடுவுக்கும் பொருளளவில் எந்தத் தொடர்பும் இல்லை. வெவ்வேறு சொற்கள், உடை மட்டும் ஒன்று. ஆங்கிலத்தில் கிரிக்கெட் மட்டையைக் குறிக்கும் ‘பேட்’, வௌவாலைக் குறிக்கும் ‘பேட்’ இரண்டும் இப்படித்தான். இன்னொரு வகையில் சொல் ஒன்றே. அதன் பொருள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்துக்கொண்டே போகிறது. ஆள் ஓடுகிறான், ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது என்று நாம் சொல்லும்போது மூன்று சொற்களைப் பயன்படுத்தவில்லை. ஒரே சொல்லை மூன்று திசையில் நீட்டுகிறோம். ‘ஒருசொல் பலபொருட்கு உரிமை தோன்றினும்’ என்று தொல்காப்பிய உரியியல் தொட்டுச் செல்வது உரிச்சொற்களைப் பற்றி என்றாலும், இந்தக் குணம் இலக்கணத்தார் கண்ணில் எவ்வளவு முன்பே பட்டுவிட்டது என்பதற்கு அது சான்று.

‘ரன்’ இரண்டாவது வகை. கிளைத்த சொல். கிளைகள் எங்கிருந்து புறப்பட்டன என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அடிமரம்

பள்ளியில் சொல்லித் தந்தபடி ‘ரன்’ என்பதன் மையம் கால்கள் என்று எடுத்துக்கொண்டால் எதுவும் புரியாது. பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்று இதற்கொரு முன்னோடி வடிவம் உண்டு. வடக்கிலிருந்து வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் மொழியிலிருந்த இதன் உறவுச் சொற்களும் அதோடு கலந்தன. இதே குடும்பத்தில் பிறந்த இரண்டு சொற்கள் ஜெர்மன் மொழியில் இன்றும் தனித்தனியே வாழ்கின்றன. ‘ரென்னன்’ என்றால் ஆள் ஓடுவது. ‘ரின்னன்’ என்றால் நீர் வழிந்தோடுவது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக்கொண்டது. நீரோட்டம் இந்தச் சொல்லில் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட உவமை அல்ல, தொடக்கத்திலிருந்தே உள்ளே இருக்கிறது.

அப்படியென்றால் மையம் எது? ஒரு தடத்தில், இடையில் அறுபடாமல், தொடர்ந்து செல்லுதல். வேகம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தடமும் தொடர்ச்சியும்தான் முக்கியம். தமிழின் ‘ஓடு’ ஏறக்குறைய இதே குணம் கொண்டது. ஆகவே தமிழ் பேசுபவருக்கு இந்தச் சொல்லில் கிடைக்கும் சலுகை சிறியதல்ல.

நீரிலிருந்தே தொடங்கலாம். ஆறு ஓடுகிறது, கண்ணீர் கன்னத்தில் வழிந்தோடுகிறது, குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது: எல்லாம் ‘ரன்’. ஆங்கிலத்தில் இன்னொரு படி மேலே போய், நீரைத் தாங்கும் பொருளையே எழுவாயாக்கிவிடுவார்கள். ‘த டாப் இஸ் ரன்னிங்’ என்றால் குழாய் எங்கும் ஓடிவிடவில்லை, திறந்திருக்கிறது. ‘ஹிஸ் நோஸ் இஸ் ரன்னிங்’ என்றால் மூக்கு ஒழுகுகிறது. துவைக்கும்போது துணியின் சாயம் கரைந்து பக்கத்துத் துணியில் ஏறினால் அதற்கும் இதே வினை. நாம் சாயம் போகிறது என்போம், அவர்கள் சாயம் ஓடுகிறது என்பார்கள்.

அடுத்து, காலம். ஒப்பந்தம் 2027 வரை ‘ரன்’ ஆகும் என்றால் அதுவரை செல்லும் என்று பொருள். நாடகம் ஆறு மாதம் ஓடியது, படம் இன்னும் ஓடுகிறது என்பதில் தமிழும் ஆங்கிலமும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன.

பிறகு இடம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாலை அசையாது, ஆனாலும் ‘த ரோடு ரன்ஸ் அலாங் த ரிவர்’ என்று எழுதுவார்கள். வேலி ஓடுகிறது, குழாய் சுவருக்குள் ஓடுகிறது, மலைத்தொடர் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. அசையாத பொருளை அசைவதுபோலச் சொல்லும் இந்தப் பழக்கத்தை மொழியியலாளர் லெனார்ட் டால்மி கற்பனை இயக்கம் என்ற பொருள்படும் பெயரால் விவரித்தார். சாலை அசையாவிட்டாலும் அதைப் பின்தொடரும் நம் கண் அசைகிறது அல்லவா, அந்த அசைவு சொல்லில் ஏறிக்கொள்கிறது. தமிழில் சுவரில் விரிசல் ஓடுகிறது, நெற்றியில் நரம்பு ஓடுகிறது என்கிறோம். சாலை மட்டும் நமக்கு ஓடுவதில்லை, போகிறது, செல்கிறது. மற்றபடி தர்க்கம் ஒன்றே.

குடும்பத்திலும் ஓடும். ஒரு வீட்டில் தாத்தா, அப்பா, மகள் மூவருக்கும் குரல்வளம் இருந்தால் ‘இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி’. தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறது என்பதே பொருள். நாம் அதை ரத்தத்தில் ஓடுகிறது என்போம். நல்ல குணத்துக்கும் சொல்லலாம், நோய்க்கும் சொல்லலாம்.

ஓடுவும் ஓட்டுவும்

இனி வருவதுதான் பலரும் தடுக்கி விழும் இடம். ‘அவர் ஒரு நிறுவனத்தை ரன் செய்கிறார்’ என்ற வகை வாக்கியங்களில் ஓடுவது அவரல்ல, நிறுவனம். அவர் அதை ஓடச் செய்கிறார்.

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். ஆடு, ஆட்டு. உருள், உருட்டு. ஓடு, ஓட்டு. தானே செய்வதற்கு ஒரு வடிவம், பிறிதொன்றைச் செய்விப்பதற்கு இன்னொரு வடிவம் என்று தமிழ் ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த வினைக்கு அந்தப் பிரிவினை இல்லை. இரண்டுக்கும் ஒரே ‘ரன்’. பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்று பார்த்துத்தான் நாமே பிரித்துக்கொள்ள வேண்டும். ‘த மெஷின் ரன்ஸ்’ என்றால் இயந்திரம் ஓடுகிறது. ‘ஷி ரன்ஸ் த மெஷின்’ என்றால் அவள் இயந்திரத்தை ஓட்டுகிறாள், அதாவது இயக்குகிறாள்.

ஆகவே ஆங்கில வாக்கியத்தில் ‘ரன்’ என்பதையடுத்து உடனே ஒரு பெயர்ச்சொல் வந்து நின்றால் மனத்துக்குள் ‘ஓட்டு’ என்று வாசியுங்கள். பல கதவுகள் திறக்கும். கடையை ஓட்டுவது, குடும்பத்தை ஓட்டுவது எல்லாம் நம் பேச்சிலேயே இருப்பவை. நிறுவனத்தை, பள்ளியை, நாட்டையே ஓட்டுவதும் அதே தடத்தில்தான் வருகிறது. ஒரு பக்கத்தின் மேல் ‘ரன் யுவர் ஐஸ் ஓவர்’ என்றால் கண்ணை ஓட்டுங்கள். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. தலைமுடிக்குள் விரலை ஓட்டுவதும் அப்படியே. ‘ரன் எ டெஸ்ட்’ என்றால் சோதனை நடத்துவது, ‘ரன் எ பாத்’ என்றால் குளியல் தொட்டியில் தண்ணீர் திறந்து நிரப்புவது. குழாய்த் தண்ணீரை ஓடவிடுகிறார்கள் என்பதை நினைவில் வைத்தால் இது விநோதமாகத் தெரியாது. நாளிதழ் ஒரு செய்தியை ‘ரன்’ செய்தது என்றால் வெளியிட்டது. அச்சு இயந்திரத்தில் ஓட்டியது என்று எண்ணிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு பள்ளம் மட்டும் இருக்கிறது, அதில் தமிழர்கள்தான் அதிகம் விழுவார்கள். வண்டி ஓட்டுவதற்கு ஆங்கிலத்தில் ‘ரன்’ கிடையாது. காருக்கு ‘டிரைவ்’, சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ‘ரைடு’. ‘ஐ ரன் எ கார்’ என்றாலும் பிழையில்லை, ஆனால் பொருள் வேறாகிவிடும்: எனக்குச் சொந்தமாகக் கார் இருக்கிறது, அதற்கான பெட்ரோல், காப்பீடு, பழுதுபார்ப்புச் செலவையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். பிரிட்டிஷ் வழக்கில் இது மிகச் சாதாரணம். கார் வாங்கிவிடலாம், கட்டி மேய்க்க முடியாது என்று நாம் சொல்வோமே, அந்த மேய்ப்பதுதான் இங்கே ‘ரன்’. அதோடு, ‘ஐ வில் ரன் யூ ஹோம்’ என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். உங்களைத் துரத்தப் போவதில்லை. தன் வண்டியில் வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார்.

இயந்திரம் வந்த பிறகு

நீராவி இயந்திரங்களும் ரயில்களும் வந்த பிறகு ‘ரன்’ கொழுத்துப் போனது. 1830-இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே நீராவி ரயில் கால அட்டவணைப்படி ஓடத் தொடங்கியது. ரயில் தண்டவாளத்தில் விரைவதும் ‘ரன்’, நாள்தோறும் குறித்த நேரத்தில் சேவை நடப்பதும் ‘ரன்’. ‘த டிரெயின் ரன்ஸ் ஆன் சண்டேஸ்’ என்று திங்கட்கிழமை சொல்லலாம். அந்த ரயில் அப்போது பணிமனையில் சும்மா நின்றுகொண்டிருக்கலாம். வாக்கியம் சேவையைப் பற்றிப் பேசுகிறது, சக்கரத்தைப் பற்றி அல்ல.

வாசலில் நிறுத்தியிருக்கும் காரைக் காட்டி ‘த கார் இஸ் ரன்னிங்’ என்றால் கார் நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது என்று அர்த்தம். இதே இடத்தில் ‘வொர்க்’ என்ற வினையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இரண்டையும் மாற்றிப் போடுபவர்கள் ஏராளம். ‘த ஃபேன் வொர்க்ஸ்’ என்றால் மின்விசிறி பழுதில்லாமல் இருக்கிறது. ‘த ஃபேன் இஸ் ரன்னிங்’ என்றால் இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறது. தமிழிலும் ‘மின்விசிறி வேலை செய்யும்’ என்பதும் ‘மின்விசிறி ஓடுகிறது’ என்பதும் ஒன்றல்லவே. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு நம்மைப் பதறவைப்பது இரண்டாவதுதான்.

பிறகு கணினி வந்தது. நிரலை ‘ரன்’ செய்கிறோம். அங்கே நகர்வதற்கு எதுவுமே இல்லை. ஆனால் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக, வகுத்த வரிசையில், இடையில் அறுபடாமல் நிறைவேறிக்கொண்டே போகின்றன. தடம் இருக்கிறது, தொடர்ச்சி இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு அது போதும்.

கால் கழன்றுபோவதை மிக அழகாகக் காட்டுவது கிரிக்கெட். இரண்டு பக்கத்து ஸ்டம்புகளுக்கும் இடையே 22 கெஜம். மட்டையாளர் ஓடித் தாண்ட வேண்டிய கோடுகளுக்கு இடையே 17.68 மீட்டர். அந்தத் தொலைவை இருவரும் ஒருமுறை ஓடி இடம் மாறினால் ஒரு ரன். பெயர்க்காரணம் வெள்ளிடைமலை. ஆனால் பந்து தரையில் படாமல் எல்லையைத் தாண்டினால், மட்டையாளர் நின்ற இடத்தில் நின்றபடியே ஆறு ரன் பெறுகிறார். பந்துவீச்சாளர் பந்தை எட்டாத தூரத்தில் வீசினால், யாரும் எதுவும் செய்யாமலே ஒரு ரன் வந்து சேருகிறது. ஓட்டத்தை அளக்க வந்த சொல், எண்ணிக்கையின் அலகாகிவிட்டது.

வங்கிகளிலும் இதேதான் நடந்தது. வங்கி திவாலாகும் என்ற பயத்தில் மக்கள் கும்பலாகப் பணத்தை எடுக்கப் பாய்வதற்கு ‘பேங்க் ரன்’ என்று பெயர். 2007-இல் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகளுக்கு முன்னால் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். குறைந்தபட்சம் அங்கே கால்களுக்கு வேலை இருந்தது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றபோது, பெரும்பாலானோர் உட்கார்ந்த இடத்தில் கைப்பேசியையும் கணினியையும் தட்டினார்கள். அதற்கும் பெயர் ‘ரன்’ தான்.

ஒட்டு வந்தால் உருவம் மாறும்

இதுவரை பார்த்த பொருள்களை மையக் கருத்திலிருந்து ஊகித்துவிடலாம். ‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’, ‘டவுன்’ போன்ற சின்னச் சொற்கள் பின்னால் ஒட்டிக்கொண்டால் ஊகம் சில நேரம் கைகொடுக்கும், சில நேரம் காலை வாரிவிடும். நேர்மையாகச் சொன்னால் இந்தப் பகுதிக்கு ஓரளவு மனப்பாடம் தேவை.

இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ‘ரன் அவுட்’. நாம் மை தீர்ந்துவிட்டது என்போம். தீர்வது மை, அதுதான் எழுவாய். ஆங்கிலத்திலும் ‘த இங்க் ரேன் அவுட்’ என்று அப்படியே சொல்லலாம். ஆனால் அவர்கள் அதிகம் சொல்வது ‘ஐ ஹேவ் ரன் அவுட் ஆஃப் இங்க்’ என்றுதான். தீர்ந்தது மை, எழுவாயோ நான். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் நான் மையிலிருந்து வெளியே ஓடிவிட்டேன் என்று அபத்தமாக வரும். இந்த அமைப்பு தமிழில் இல்லாததால் நம் வாயில் அது இயல்பாக வருவதில்லை; மை தீர்ந்தது, நேரம் தீர்ந்தது என்று பொருளையே எழுவாயாக்கிப் பேசிக்கொண்டிருப்போம். தவறில்லை, ஆனால் ஆள் எழுவாயாக வரும்போதுதான் ஆங்கிலம் ஆங்கிலமாகக் கேட்கும். இரண்டுக்கும் அடையாளம் ‘ஆஃப்’: தீர்ந்த பொருள் எழுவாயானால் ‘ஆஃப்’ வராது, ஆள் எழுவாயானால் வந்தே தீரும். பொறுமைக்கும், யோசனைகளுக்கும், சாக்குப்போக்குக்கும் இதே அமைப்பு பொருந்தும்.

கிரிக்கெட்டின் ‘ரன் அவுட்’ இதோடு ஒட்டாத தனிக் கணக்கு. அங்கே ‘அவுட்’ என்பதற்கு ஆட்டமிழத்தல் என்று பொருள். எதுவும் தீர்ந்துபோகவில்லை, மட்டையாளரின் பொறுமையைத் தவிர.

‘ரன் இன்டு’ என்றால் மோதுதல். கார் மரத்தில் மோதியது. அதே தொடருக்கு எதிர்பாராமல் சந்தித்தல் என்றும் பொருள். ‘ஐ ரேன் இன்டு மை டீச்சர் யெஸ்டர்டே’ என்றால் நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை ஆசிரியரை வழியில் பார்த்தேன் என்றுதான் அர்த்தம். ஆனால் வண்டியோட்டிக்கொண்டிருந்த கதை நடுவே அந்த வாக்கியம் வந்தால் கேட்பவர் திடுக்கிடுவார். சிக்கலுக்குள் மாட்டிக்கொள்வதற்கும் இதுவே. செலவு கோடிகளைத் தொடுகிறது என்று எழுதவும் இதுவே.

‘ரன் ஓவர்’ இன்னும் வில்லங்கமானது. லாரி ஒன்று நாயின் மேல் ஏறியது, கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டி நீண்டது, பாத்திரம் நிரம்பி வழிந்தது, பேசப்போகும் குறிப்புகளை ஒருமுறை வேகமாகப் பார்த்துக்கொண்டார். நான்கும் இதற்குள் அடக்கம். ‘மீட்டிங்’ எழுவாயாக இருந்தால் நேரம், வாகனம் எழுவாயாக இருந்தால் விபத்து, திரவமோ பாத்திரமோ எழுவாயாக இருந்தால் வழிதல். அகராதியைத் திறப்பதற்கு முன்பே எழுவாயைப் பார்த்தால் முக்கால்வாசிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். ‘ரன் டவுன்’ என்றால் பேட்டரி வலுவிழப்பது, ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவது. உடம்பு அசந்துபோயிருப்பவரையும் ‘ரன் டவுன்’ என்பார்கள். ‘ரன் அப்’ என்றால் கடனையோ பில்லையோ ஏற்றிக்கொண்டே போவது. ‘ரன் த்ரூ’ என்றால் ஒத்திகை பார்ப்பது. ஒரு யோசனையை யாரிடமாவது ‘ரன் பை’ செய்தால், ஒரு வார்த்தை அவர் காதில் போட்டு அபிப்பிராயம் கேட்பது. அலுவலக மின்னஞ்சல்களில் இது நாள்தோறும் வரும். ‘ரன் ஆஃப்’ (run off; மை தீர்வதில் வந்த ‘of’ அல்ல) என்றால் ஓடிப்போவது, அல்லது படிகள் அச்சடிப்பது.

இவற்றில் சிலவற்றைப் பிரிக்கலாம், சிலவற்றைப் பிரிக்கக் கூடாது. படிகளை அச்சடிப்பதற்கு ‘ரன் ஆஃப் டென் காப்பீஸ்’ என்றும் சொல்லலாம், ‘ரன் டென் காப்பீஸ் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘தெம்’ என்று சுட்டுப்பெயர் போட்டால் ‘ரன் தெம் ஆஃப்’ என்று நடுவில்தான் வைக்க வேண்டும். ‘ரன் இன்டு’ பிரியவே பிரியாது: ‘ஐ ரேன் இன்டு ஹிம்’ மட்டுமே சரி.

ஓடி என்ன ஆயிற்று?

இன்னொரு சிறு குழு இருக்கிறது. இதில் ‘ரன்’ என்பதையடுத்து ஒரு பெயரடை வரும். ‘ரன் டிரை’, ‘ரன் லோ’, ‘ரன் ஷார்ட்’, ‘ரன் லேட்’, ‘ரன் வைல்டு’. கிணறு ‘ரன் டிரை’ ஆனது என்றால் வற்றிவிட்டது. ஓடு என்று எடுத்துக்கொண்டால் முரண்பாடாக இருக்கும். வற்றிய பின் எது ஓடும்? இங்கே வினையின் பழைய பொருள் தேய்ந்து, கிட்டத்தட்ட ‘ஆகு’ என்ற அளவுக்கு வந்துவிட்டது. ‘ஐம் ரன்னிங் லேட்’ என்றால் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருக்கிறேன் என்பதல்ல, எனக்குத் தாமதமாகிவிட்டது. சொல்பவர் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலும் இருக்கலாம்.

எல்லாப் பெயரடையும் இப்படி ஒட்டாது என்பதையும் கவனிக்க வேண்டும். ‘ரன் ஆங்ரி’ என்றோ ‘ரன் ஹாப்பி’ என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள். புதிதாக உருவாக்க முயலாமல், ஏற்கெனவே புழங்கும் ஏழெட்டுத் தொடர்களை மட்டும் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

அகராதி பார்க்கும் முறை பற்றியும் ஒரு சொல். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி போன்ற வரலாற்று அகராதிகள் ஒரு கிளையின் பழைய பொருளை முதலில் வைத்து, காலவரிசையில் கீழே இறங்கும். கற்போருக்கான அகராதிகள் பெரும்பாலும் அதிகம் புழங்கும் பொருளை முன்னே வைக்கும். உண்மையான எழுத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் திரட்டிய பெரிய தொகுப்பைக் கணினியில் அலசி, அதன் அடிப்படையில் எழுதும் முறைக்கு 1987-இல் வந்த கோபில்டு அகராதி வழிவகுத்தது. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு இரண்டாவது வகையே உகந்தது. முதல் வகையை ஆர்வத்துக்காகப் புரட்டலாம், அவசரத்துக்கு உதவாது. எதை எடுத்தாலும் முதல் பொருளிலிருந்து படித்துக்கொண்டே இறங்காதீர்கள். எழுவாய் எது, செயப்படுபொருள் இருக்கிறதா, பின்னொட்டு எது என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு நேராக அந்த இடத்துக்குப் போங்கள்.

காலம் காட்டும் வடிவங்களில் ஒரே ஒரு எச்சரிக்கை. ரன், ரேன், ரன். மூன்றாவது வடிவம் மறுபடியும் முதல் வடிவமே. ‘ஐ ஹேவ் ரேன்’ என்று எழுதுவது தவறு. ‘ஐ ஹேவ் ரன்’ என்பதே சரி.

அமெரிக்காவும் பிரிட்டனும் இந்தச் சொல்லைப் பங்கிட்டுக்கொண்ட விதத்தையும் பார்த்துவிடலாம். காய்ச்சல் அடிப்பதை அமெரிக்கர் ‘ரன் எ ஃபீவர்’ என்பார்கள், பிரிட்டிஷார் ‘ரன் எ டெம்பரேச்சர்’ என்பார்கள். சிவப்பு விளக்கை மதிக்காமல் வண்டியை விட்டால் அமெரிக்காவில் அது ‘ரன்’, பிரிட்டனில் ‘ஜம்ப்’. மெல்லிய காலுறையில் இழை பிரிந்து நீளமாகக் கிழிந்தால் அமெரிக்கருக்கு அது ‘ரன்’; பிரிட்டிஷார் கண்ணுக்கு அது ஏணிபோலத் தெரிந்ததால் ‘லேடர்’.

தேர்தலில் இந்த வேறுபாடு முற்றிலும் எதிரெதிராகிவிடுகிறது. அமெரிக்க வேட்பாளர் அதிபர் பதவிக்கு ‘ரன்’ செய்கிறார், ஓடுகிறார். பிரிட்டிஷ் வேட்பாளர் நாடாளுமன்றத்துக்கு ‘ஸ்டாண்ட்’ செய்கிறார், நிற்கிறார். தமிழிலும் தேர்தலில் நிற்பதுதான் வழக்கம். அமெரிக்க அதிபர் வேட்பாளரோடு இணைந்து துணை அதிபர் பதவிக்குப் போட்டியிடுபவரை ‘ரன்னிங் மேட்’ என்கிறார்கள். குதிரைப் பந்தயக் களத்திலிருந்து அரசியலுக்கு வந்த சொல் அது. அமெரிக்கத் தேர்தல் செய்தியைத் தமிழில் எழுதுபவர்கள் அதை ஓட்டத் தோழர் என்று பெயர்த்து வாசகரை விழிக்க வைக்காமல், துணை அதிபர் வேட்பாளர் என்று எழுதிவிடுவது மேல்.